இராசராசேச்சரக் கல்வெட்டிற் கலைஞர் காணி

தஞ்சைப் பெருங்கோயிலின் பெருமையைக் கூறுவோர் அதன் விமானத்தையும் ஓவியத்தையும் வியந்து கூறுதலே பெருவழக்கு. அக்கோயிலிற் பணி செய்த மக்களைப் பற்றி அதன் கல்வெட்டுகள் கூறும் செய்திகளோ அவ்வளவாக எடுத்துப் பேசப்படுவதில்லை. அவற்றுள் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலாம் இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 1014) வரையில் அவன் செய்த ஏற்பாடுகளைக் கூறும் நீண்ட கல்வெட்டொன்று, சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைக் குறிக்கின்றது. ஒவ்வொருவரும் இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாம் வீடு என வரையறுத்து, பெயரும் முன்னிருந்த ஊரும் கோயிலும் சுட்டப்பெற்றுள்ளனர். திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் முதலியன அவ்வூர்கள். ஒருவர்க்குப் பங்கு ஒன்று. பங்கொன்றுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவஞ் செய்வார்க்குப் பங்கு இரண்டு. தையான், தச்சன், கன்னான், நாவிசன் முதலியோரும் இவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். திருப்பதியம் பாடுவோர் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பவன் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பவன் ஒருவனுமாக ஐம்பதின்மர்க்கு நாடோறும் முக்குறுணி நெல் அளிக்கப்பெற்றமை வேறொரு கல்வெட்டால் விளங்கும்.

இக்காணி முற்றும் பிறப்புவழி உரிமை என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. பங்குடையார் இறப்பினும் வேற்றூர் செல்லினும், அடுத்த முறையினர் நெல்லைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவர் தகுதியிலராயின், தக்காரை அமர்த்திப் பணி செய்வித்தே நெல்லைப் பெறலாம். அடுத்த முறையினரே இல்லையெனின், அத்தொழிலினரே கூடித் தக்காரைத் தெரிந்து அமர்த்துவர். அங்ஙனம் அமர்ந்தவரே நெல்லைப் பெறுவர். 'யோக்யர்' என்னுஞ் சொல் அவ்விதியில் மீண்டும் மீண்டும் ஆளப்படுதல் நோக்கத்தக்கது. உரிமை குடிவழியது, பணியோ தகுதிவழியது. தக்காரைத் தெரியும் பொறுப்பு, வழியற்றவிடத்துத் தொழிலறிந்தாரிடமே விடப்பட்டது.

எனினும் கல்லிற் பொறித்தன அனைத்தும் கலையைக் காத்தன என்றல் இயலாது. இரண்டாம் இராசேந்திரனது 6ஆம் ஆட்சியாண்டில், வைகாசித் திருவிழாவில் இராசராசேச்சுவர நாடகம் நடித்தற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பெற்றது. நெல்லின் அளவு கல்லில் நிற்கின்றது. நாடகமோ நமக்குக் கிடைத்திலது. விமானத்தின் மேல்தளத்து நூற்றெட்டுக் கரணங்களுள் எண்பத்தொன்றே செதுக்கப்பெற்று, எஞ்சிய கற்கள் வெற்றிடமாகவே உள்ளன.

ஆதலின் கோயிற்கலை வரலாறு எழுதப் புகுவார், சிற்பத்தோடு நெற்கணக்கையும் ஒருங்கு வைத்துக் கற்றல் வேண்டும். ஆடிய கூத்தும் பாடிய பண்ணும் எவ்வாறிருந்தன என்பதை அக்கணக்குக் கூறாது. ஆடினோர் யாவர், எவ்வூரினர், எதனால் உண்டு வாழ்ந்தனர் என்பதைக் கூறும். பேரரசன் பெயர் நின்ற கல்லிலேயே நானூறு பெண்டிர் பெயரும் நிற்றல் சிறிய செய்தியன்று.