நெல்மணி உரைக்கும் காலம்

தமிழின் தொன்மையைப் பேசுங்கால் இலக்கியங்களையும் கல்வெட்டுகளையும் சான்று காட்டுவது நம் வழக்கம். இன்று அவற்றோடு அணுவும் சாட்சி கூற வந்துள்ளது. அச்சாட்சியின் இயல்பை அறியாது அதனை மேற்கோள் காட்டுதல் நமக்குத் தகாது.

சில அணுக்களின் கரு நிலைத்து நிற்பதில்லை. கதிரை உமிழ்ந்து வேறோர் அணுவாக மாறிவிடுகிறது. இதுவே கதிரியக்கச் சிதைவு. 1896இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார். குறிப்பிட்ட ஓர் அணு என்று சிதையும் என எவராலும் கூற இயலாது. ஆயினும், கோடானுகோடி அணுக்கள் கூடியவிடத்து அவற்றுட் பாதி சிதைவதற்கு ஆகும் காலம் மாறுவதில்லை. அதனை அரை ஆயுட்காலம் என்பர். அயோடின்-131க்கு அது 8 நாள். உடலில் நெடுங்காலம் நில்லாமையின் தைராய்டு நோய்க்கு மருந்தாகிறது. கார்பன்-14க்கு 5730 ஆண்டு. ஆதலின் வரலாற்றுக்குத் துணையாகிறது.

அண்டக்கதிர்கள் வளிமண்டலத்து நைட்ரஜனைத் தாக்குவதன் விளைவாகக் கார்பன்-14 இடையறாது தோன்றுகிறது. பயிர்கள் அதனைக் காற்றினின்று ஏற்கின்றன. அவற்றை உண்ணும் உயிர்களும் பெறுகின்றன. உயிர் நீங்கியதும் வரவு நின்று, செலவு மட்டுமே தொடர்கிறது. 5730 ஆண்டில் பாதியும், 11,460 ஆண்டில் காற்பங்கும் எஞ்சும். எஞ்சியதை அளந்து காலம் கணிக்கும் இம்முறையை 1949இல் வெளியிட்ட லிப்பி, 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில் நெல் இட்ட சாடியும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். கீறிய எழுத்துக்கு அரை ஆயுட்காலம் இல்லை. நெல்லில் உள்ள கார்பனுக்கே உண்டு. இரண்டும் ஒரே குழியில் ஒருங்கே வைக்கப்பட்டன என்பதால், நெல்லின் காலத்தை எழுத்துக்கும் உரியதாகக் கொள்கிறோம். மேலும், வளிமண்டலத்துக் கார்பன்-14இன் அளவு காலந்தோறும் சற்றே மாறியுள்ளது. மர வளையங்களைக் கொண்டு கணிப்பைத் திருத்துகின்றனர். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட ஆண்டுகளோ அத்திருத்தத்தில் ஒன்றோடொன்று மயங்குவன. ஆகவே ஒரு நெல்மணியின் சான்றோடு அமையாது, பல மாதிரிகளையும் மண்ணடுக்குகளையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.

நம் மொழியின் பெருமைக்கு மிகை வேண்டுவதில்லை. மாணாக்கரிடம் கி.மு. 490 என்று உரைக்குங்கால், அளக்கப்பட்டது நெல், உய்த்துணரப்பட்டது எழுத்து என்பதையும் சேர்த்தே உரைப்போமாக. வரம்பறிந்து கூறும் சான்றே வழக்கில் நிற்கும்.