கால் போனாலும் வயல் போகாது

திருக்கேதீஸ்வரத்தைச் சூழ்ந்த மாந்தைப் பகுதியில் வயல் செய்து வாழ்ந்த குடும்பங்கள் பல, 1990இல் மீண்டும் மூண்ட யுத்தத்தால் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தன. 2009இல் யுத்தம் ஓய்ந்தது. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் மிதிவெடிக்குச் சமாதானம் தெரியாது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அதற்கு முன்பே எத்தனையோ விவசாயிகள் கால்களை இழந்துவிட்டனர். இன்று சலரோகப் புண்ணாலும் கால்கள் போகின்றன.

கால் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் முதற் கேள்வி, “இனி நான் எப்படி வயலுக்குள் இறங்குவேன்?” என்பதே. இறங்கலாம். ஆனால் அதற்கான ஆயத்தம் கட்டிலில் கிடக்கும் நாட்களிலேயே தொடங்க வேண்டும்.

முழந்தாளுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவருக்கு, நோகிறதே என்று முழந்தாளின் கீழ் தலையணை வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். இது அன்பினால் செய்யும் கெடுதல். முழந்தாள் மடிந்தபடியே இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருந்தாது. காலை நீட்டி வைத்திருக்க வேண்டும். வைத்தியர் அனுமதித்த பின், நாளில் சில தடவைகள் குப்புறப் படுப்பது இடுப்பு மூட்டு இறுகாமல் காக்கும்.

வீக்கம் வற்றுவதற்கு இழுபடும் துணிக்கட்டுப் போடுவார்கள். அது நுனியில் சற்று இறுக்கமாகவும், மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கினால் இரத்தோட்டம் தடைப்படும். கட்டும் முறையை வீட்டார் ஒருவர் தாதியிடம் கேட்டுப் பழகிக்கொள்ளட்டும். காயத்தில் சீழ், கெட்ட மணம், கறுப்பு நிறம், அல்லது உடம்பில் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இல்லாத பாதம் வலிக்கிறது, விரல் கடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்களைப் பித்துப் பிடித்தவர் என்று எண்ணாதீர்கள். கால் போனாலும் அதற்குரிய இடம் மூளையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார். நல்ல உறுப்பின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அதை அசைக்க, இல்லாத உறுப்பே அசைவதுபோல் மூளை உணர்ந்து, பலருக்கு வலி தணிகிறது.

இனிச் செயற்கைக் கால். மேல்நாட்டுச் செயற்கைப் பாதங்கள் சப்பாத்துப் போடுபவருக்கும் கதிரையில் இருப்பவருக்கும் ஏற்றவையாக இருந்தன. குந்தியிருந்து சாப்பிடுபவருக்கும் சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவருக்கும் அவை உதவவில்லை. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு வைத்தியர் பி. கே. சேதியும் சேர்ந்து றப்பரினால் ஒரு பாதம் செய்தனர். அதனுடன் குந்தலாம், கரடுமுரடான நிலத்தில் நடக்கலாம், தண்ணீரிலும் இறங்கலாம். சேதி 1981இல் மக்சேசே விருது பெற்றார். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் இந்தப் பணியை வடபகுதிக்குக் கொண்டுவந்தது.

கால் கிடைத்ததும் ஓடிப்போய் மண்வெட்டி பிடிக்கக் கூடாது. முதலில் சிறிது நேரம் அணிந்து, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். மாலையில் கழற்றி, மிஞ்சிய காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, கண்ணாடி பிடித்து அடிப்பக்கமும் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் கால் பொருந்தவில்லை. நிலையத்தில் திருத்த வேண்டும். முதல் வருடத்தில் மிஞ்சிய கால் சுருங்கும். ஆகவே திருத்துவது இயல்பு. பிள்ளைகளுக்கோ வளர வளர மாற்ற வேண்டும்.

சலரோகம் உள்ளவர் மற்றக் காலைக் கண்போல் காக்க வேண்டும். அவர் வெறுங்காலுடன் நடப்பது ஆபத்து. செயற்கைக் கால் சேற்றைத் தாங்கும்; உணர்விழந்த பாதம் முள்ளையும் அறியாது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கால் இழந்தவரை மூலையில் இருத்தி எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள். விதை தெரிவது, கணக்குப் பார்ப்பது, ஆட்டைக் கட்டுவது என்று இன்றே ஒரு வேலையை அவர் கையில் கொடுங்கள். வீட்டில் தன் இடம் இன்னும் இருக்கிறது என்று கண்டவர்தான் எழுந்து நடக்க முயல்வார்.