பழி சுமந்த டிரைவர்

2008 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலின் 2.6.27 சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்த சிலருக்குக் கணினியில் நெட்வொர்க் போய்விட்டது. சோதனைப் பதிப்பு என்றால் ஏதாவது ஒன்று உதைக்கத்தான் செய்யும். பழைய கெர்னலுக்குத் திரும்பினால் சரியாகிவிடும் என்று திரும்பினார்கள். சரியாகவில்லை. கேபிளில் குறையில்லை, அமைப்பில் குறையில்லை. நெட்வொர்க் கார்டே நினைவு தப்பிக் கிடந்தது.

நேற்று ஓடியது புதிய பதிப்பில் ஓடாமல் போவதை ரெக்ரெஷன் என்பார்கள். பயனரிடம் ஓடிக்கொண்டிருப்பதைக் கெர்னல் உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகவும் கண்டிப்பானவர். ஆனால் வழக்கமான ரெக்ரெஷனுக்குப் பழைய பதிப்பு என்ற மருந்தாவது உண்டு. இதற்கு அதுவும் இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது.

அடிபட்டவை எல்லாம் இன்டெல் கார்டுகள். கெர்னலுக்குள் இருந்துகொண்டு அவற்றோடு பேசும் பகுதி, அதாவது டிரைவர், இ1000இ என்ற பெயருடையது. இந்தக் கார்டுகளுக்கு மின்சாரம் போனாலும் அழியாத சிறு நினைவகம் ஒன்று உண்டு. கார்டின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. முதல் மூன்று சொற்களில் நெட்வொர்க்கில் அதன் அடையாளமான மேக் முகவரி. அடுத்தடுத்த சொற்களில் அது எப்படி எழுந்து வேலை செய்ய வேண்டும் என்ற அமைப்புகள். சொல் என்பது இங்கே 16 பிட் எண். முதல் 64 சொற்களையும் கூட்டி, 16 பிட்டுக்கு மேல் வழிவதைத் தள்ளிவிட்டால், விடை 47802 வர வேண்டும். பதினாறடிமானத்தில் எழுதினால் அந்த எண் 'பாபா' என்று வாசிக்கும்படி அமையும். டிரைவர் ஏறும்போது இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கும். கணக்கு இடித்தால் நினைவகம் செல்லாது என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கார்டை இயக்காமல் விலகிக்கொள்ளும். அந்த ஒரு வரிதான் அன்று பலர் திரையில் வந்து நின்றது.

ரெக்ரெஷனைத் தேட அருமையான முறை ஒன்று இருக்கிறது. 2.6.26க்கும் 2.6.27க்கும் இடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். நடுவிலுள்ள ஒன்றை எடுத்துக் கம்பைல் செய்து, ரீபூட் செய்து பாருங்கள். கோளாறு தெரிந்தால் குற்றவாளி முன்பாதியில், தெரியாவிட்டால் பின்பாதியில். மறுபடி பாதி, மறுபடி பாதி. பதினான்கு சுற்றில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். கிட் மென்பொருளில் பைசெக்ட் என்ற கட்டளை இந்தப் பாதி போடும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கெர்னல் எழுதத் தெரியாதவரும் பொறுமை இருந்தால் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கலாம். மென்பொருள் உலகம் கண்ட நல்ல உத்திகளில் ஒன்று இது என்பேன்.

அந்த உத்தியே இங்கே தடுமாறியது. கோளாறு ஒவ்வொரு ரீபூட்டிலும் வரவில்லை. ஒரு சுற்றில் கார்டு பிழைத்தால் அந்தக் கெர்னல் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்றைக்குத் தப்பித்ததாகவும் இருக்கலாம். கெட்டதாக இருந்துவிட்டாலோ கார்டு காலி. ஈத்டூல் கட்டளையால் நினைவகத்தை முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்தவர்களுக்குத்தான் அதைத் திரும்ப எழுதிப் பார்க்க வழி இருந்தது.

சந்தேகம் இ1000இ மேல்தான் விழுந்தது. அந்த நினைவகத்தைத் தொடும் உரிமையுள்ள டிரைவர் அது ஒன்றுதானே. உபுண்டு 8.10இன் சோதனைப் பதிப்பில் டிரைவரையே முடக்கி வைத்தார்கள். பிறகு, ரீபூட் ஆகும்வரை யாரும் எழுத முடியாதபடி ஏறியவுடன் நினைவகத்தைப் பூட்டிவிடும் மாற்றம் டிரைவருக்குள் வந்தது. அந்தப் பூட்டோடுதான் 2.6.27 அக்டோபர் 9 அன்று வெளியானது. கார்டுகள் பிழைத்தன. எழுதியது யார் என்பது மட்டும் தெரியவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விசாரணை கடைசியில் போய் நின்றது நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத எஃப்ட்ரேஸ் என்ற பகுதியில். கெர்னலில் எந்தச் செயல்கூறு எப்போது ஓடுகிறது என்று வேவு பார்க்க ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய கருவி அது, 2.6.27இல்தான் புதிதாகச் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு செயல்கூறின் வாசலிலும் ஐந்து பைட்டில் ஓர் அழைப்பு இருக்கும். வேவு தேவைப்படாத நேரத்தில் அது வீண் சுமை. எனவே எஃப்ட்ரேஸ், அழைப்பு வந்த முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, சற்று நேரம் கழித்துப் போய் அந்த ஐந்து பைட்டையும் ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றிவிடும்.

அந்தச் சற்று நேரத்தில்தான் வினை. டிரைவர் போன்ற ஒரு மாடியூல் ஏறும்போது ஒரே ஒரு தடவை ஓடும் தொடக்கப் பகுதிகள் உண்டு. ஓடி முடித்ததும் அவை இருந்த இடத்தைக் கெர்னல் காலி செய்துவிடும். எஃப்ட்ரேஸின் குறிப்பில் மட்டும் பழைய முகவரி அப்படியே நிற்கும். காலியான அதே முகவரியில் சில சமயம் இன்டெல் கார்டின் நினைவகம் குடியேறியது.

எஃப்ட்ரேஸ் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. பழைய பைட்டுகள் அங்கே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, இருந்தால் மட்டும் மாற்றும் பிராசசர் கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 பிராசசரில் அந்தக் கட்டளைக்கு ஒரு குணம்: ஒப்பீடு தோற்றாலும் படித்ததையே அங்கே திரும்ப எழுதும். சாதாரண மெமரியில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இருந்தது இருந்தபடி இருக்கும். வன்பொருளின் முகவரியில் எழுதுவது என்பதோ அந்த வன்பொருளுக்கு ஆணையிடுவது. பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒப்பீடே கார்டின் ஜாதகத்தைக் கலைத்துப் போட்டது.

அக்டோபர் நடுவில் வந்த 2.6.27.1இல் எஃப்ட்ரேஸின் இந்த மாற்றி எழுதும் பகுதி முடக்கப்பட்டது. ராஸ்டெட் அதைத் திருத்தி அமைத்தார். முகவரிப் பட்டியல் இப்போது கம்பைல் ஆகும்போதே தயாராகிறது. காலியாகப்போகும் பகுதிகள் அதில் இடம்பெறக் கூடாது என்று அப்போது வகுக்கப்பட்டது. எழுதப்போகும் இடத்தில் எதிர்பார்த்த பைட்டுகள் இல்லையென்றால் எஃப்ட்ரேஸ் எச்சரிக்கை விடுத்துவிட்டுத் தன்னையே முழுவதுமாக நிறுத்திக்கொள்கிறது. குற்றம் செய்யாத டிரைவரில் அன்று போட்ட பூட்டை யாரும் கழற்றவில்லை.