சம்பளமும் தரகும்

பொருள் விற்கும் தொழிலிற் புகுகின்ற இளைஞர் இருவகை ஊதியத்தை எதிர்நோக்குகின்றனர். ஒன்று, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதந்தோறும் கைக்கு வருகின்ற சம்பளம். மற்றது, விற்ற அளவுக்கேற்ப வருகின்ற தரகு. அதனை வழக்கிலே கொமிஷன் என்பர். பல நிறுவனங்கள் இரண்டையுங் கலந்தே கொடுக்கின்றன. ஆதலின், எதனைக் கொள்வது என்பதிலும் எதனை எவ்வளவு கொள்வது என்பதே ஆராயத்தக்கது.

முதலிற் கணக்கை நோக்குவோம். ஓரிடத்திலே மாதச் சம்பளம் 70,000 ரூபாவும் விற்பனையில் நூற்றுக்கு 1 வீதமும், மற்றோரிடத்திலே 40,000 ரூபாவும் நூற்றுக்கு 5 வீதமும் தருவதாகக் கொள்க. மாதம் 750,000 ரூபாவுக்கு விற்பவனுக்கு இரண்டும் ஒன்றே. எங்கும் 77,500 ரூபா கிடைக்கும். பத்து இலட்சத்துக்கு விற்பானாயின் முன்னையதில் 80,000, பின்னையதில் 90,000. ஐந்து இலட்சத்துக்கே விற்பானாயின் முன்னையதில் 75,000, பின்னையதில் 65,000. வல்லவனுக்குத் தரகே நன்றென்று இதனாலே பலர் துணிந்துவிடுவர்.

ஆயின், விற்பனை வல்லமையொன்றினால் மட்டும் அமைவதன்று. நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களை இறக்குதற்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே புதிய வாகனம் விற்றுத் தரகு பெற்று வாழ்ந்தவன் என்ன செய்வான்? அவன் நாவன்மை குறையவில்லை, கால்கள் ஓயவில்லை, விற்பதற்குப் பொருளே இல்லை. சந்தையின் இடரை யார் சுமப்பது என்பதே இவ்வொப்பந்தத்தின் உட்பொருள். சம்பளம் மிகுந்தால் முதலாளி சுமக்கிறான். தரகு மிகுந்தால் தொழிலாளி சுமக்கிறான்.

வேறொன்றும் நினைக்கற்பாலது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டுகளுக்குக் குறையாது பணிசெய்து விலகும் மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரியது. அதனைக் கணிக்குமிடத்து அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப்படியுமே கொள்ளப்படும்; தரகு கொள்ளப்படாது. இன்று பெருகித் தோன்றும் தரகு முதுமையிலே துணைநிற்பதில்லை.

இவையனைத்தினும் மேலாயதொன்றுண்டு. திருக்குறளிற் பொருள் செயல்வகை என்றோர் அதிகாரம் பொருட்பாலில் இருக்கவும், வாணிகஞ் செய்வார்க்குரிய நெறியை வள்ளுவர் அறத்துப்பாலிலே, நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். வைப்புமுறையே ஒரு பாடமாகும். விற்பவன் நிறுவனத்துக்கும் வாங்குவோனுக்கும் நடுவே நிற்பவன். அவன் உண்ணும் சோறு முழுவதும் ஒரு தட்டிலே தொங்குமாயின், துலாக்கோல் நேர்நிற்பது எங்ஙனம்?

அமெரிக்காவிற் சியர்ஸ் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அதன் வாகனந் திருத்தும் நிலையங்களிலே, என்ன பழுது பார்க்கவேண்டுமென்று வாடிக்கையாளர்க்குக் கூறுவோர் தரகு பெற்றனர். கலிபோர்னியா மாநில அதிகாரிகள் வாடிக்கையாளர்போல 38 முறை சென்று சோதித்தபோது, 34 முறை வேண்டாத வேலைகளும் சேர்க்கப்பட்டன என 1992ஆம் ஆண்டிற் குற்றஞ்சாட்டினர். அவ்வாண்டே அந்நிறுவனம் அவர்களுக்குரிய தரகு முறையைக் கைவிட்டது. அங்கிருந்தோர் எல்லாரும் இயல்பிலே வஞ்சகர் என்பது பொருந்தாது. கூலி கொடுத்த முறையே அவர்களை அவ்வழியில் உந்திற்று.

இதுகொண்டு தரகு தீதென்று ஒதுக்குதலும் முறையன்று. மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராகத் திரிந்து விற்பவனும் மேசையடியில் உறங்குபவனும் ஒரே கூலி பெறுவது நீதியாகாது. முயற்சிக்குத் தனிப்பயன் வேண்டும். அதனைத் தருவது தரகே.

ஆகவே, வேலைக்குப் புகுமுன் இளைஞன் தன் வீட்டுச் செலவை எழுதிப் பார்க்க. அரிசியும் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் சம்பளத்தினாலே நிறைவேறுதல் வேண்டும். தரகு சேமிப்புக்கும் சிறப்புக்கும் ஆகுக. அடுப்பெரிவதற்கே தரகை நம்பியிருப்பவனுக்கு, “ஐயா, இப்பொருள் உங்களுக்கு வேண்டியதன்று” என்று சொல்ல நா எழாது. அச்சொல்லைச் சொல்லும் உரிமையையே சம்பளம் அவனுக்கு வாங்கித் தருகின்றது. தரகை மட்டுங் காட்டி ஆட்சேர்க்கும் முதலாளிமாரும் இதனை உணர்வாராக. அச்சொல்லை ஒருமுறை கேட்ட வாடிக்கையாளன் மறுமுறையும் அக்கடையையே நாடி வருவான்.