உங்களுக்குத் தெரியுமா? மழையில்லாத நாளிலும் ஈரம் காட்டும் புகைபோக்கி

இங்கிலாந்தின் பழைய வீடுகளில், கூரை சற்றும் பழுதுபடாதிருந்தும், புகைபோக்கியை ஒட்டிய சுவரில் தேநீர்க் கறை போன்ற பழுப்புத் திட்டுகள் தோன்றி, ஈரக்காற்று வீசும் நாட்களில் தொட்டால் கையில் ஒட்டும்படி நனைந்து, வறட்சி வந்ததும் மங்கிப்போவதற்கு, அங்கே பல தலைமுறைகளாக எரிந்த நிலக்கரியே காரணமாக இருப்பதுண்டு. கரிப்புகையின் உப்புகள் செங்கல்லிலும் பூச்சிலும் ஊறி நின்று, காற்றின் ஈரத்தைத் தாமே கிரகித்துக்கொள்கின்றன. ஆகையால் எத்தனை முறை வர்ணம் பூசினாலும் கறை மீண்டும் தலைகாட்டும். 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் கணப்புகளைக் கைவிட்டவர்களுள் பலர், அவற்றின் வாயோடு காற்றோட்டத்தையும் சேர்த்து அடைத்துவிட்டது பெரும் அனர்த்தமாயிற்று. உச்சியில் மழை புகாமலும் காற்று தடைப்படாமலும் ஒரு மூடி அமைத்து, அடைத்த கணப்பின் அடியில் காற்றுத்துளை வைத்து, உப்பேறிய பூச்சை முற்றும் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசுவதே பரிகாரம். கூரைக்கு மேல் நிற்கும் பகுதியின் செங்கல் இணைப்புகளுக்குச் சுண்ணாம்புச் சாந்தையே இட வேண்டும். மிருதுவான பழஞ்செங்கல் உறிஞ்சிய நீரைச் சுண்ணாம்பு ஆவியாக வெளியேற விடும், சிமெண்டோ உள்ளேயே சிறைப்படுத்திவிடும்.