எழும்பும்போது தலை சுற்றினால்: நீரிழிவும் நரம்புகளும்

"எழும்பினா கண் இருட்டிக்கொண்டு வருது" என்று சீனி வருத்தக்காரர் பலர் சொல்வதுண்டு. "பலவீனம்தான், நல்லாச் சாப்பிடுங்க" என்று வீட்டார் சமாதானம் சொல்லிவிடுவார்கள். ஆனால் அது பழுதடைந்த நரம்புகள் தரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

நாம் எழுந்து நின்றதும் அரை லீற்றர் அளவுக்கு இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்து நாடிகளிலும் பெருநாடி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் குறைந்ததும் அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கும். இதயத் துடிப்புக் கூடும். சில செக்கன்களில் எல்லாம் சரியாகிவிடும். நமக்குத் தெரிவதே இல்லை.

பல வருடங்கள் சீனி கட்டுப்பாடில்லாமல் இருந்தால், கால் விறைப்பதோடு விஷயம் முடிவதில்லை. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் நரம்புகளும் கெடுகின்றன. அப்போது குழாய்கள் சுருங்க வேண்டிய நேரத்தில் சுருங்குவதில்லை. இதயமும் தேவைக்கேற்ப வேகமெடுப்பதில்லை. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து, தலை சுற்றும். சிலர் விழுந்தும் விடுவார்கள். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு நோகாமல் போவதற்கு இந்த நரம்புச் சேதமும் ஒரு காரணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கதிரையில் இருத்தி பிரஷர் பார்த்தால் இந்தக் குறை பெரும்பாலும் தெரியவராது. படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறு தடவையும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மில்லிமீற்றர் இரசம் குறைந்தால், அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. ஆகவே தலை சுற்றுகிறவர்கள் கிளினிக்கில், "நிக்க வச்சும் ஒருக்காப் பாருங்க" என்று தயங்காமல் கேட்கலாம்.

நீரிழிவு மட்டுமல்ல, பிரஷர்க் குளிசை, சிறுநீர் போக்கும் குளிசை, உடலில் நீர் குறைதல் என்பனவும் இதே தொல்லையைத் தரும். அதற்காகக் குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. அளவை மாற்ற வேண்டியவர் வைத்தியரே. சீனி இறங்கினாலும் தலை சுற்றும் என்பதால் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரவில் சிறுநீர் கழிக்கவோ சுபஹுக்கோ எழும்புகிறவர்கள் சட்டென்று நிற்காமல், கட்டிலோரத்தில் சற்று நேரம் இருந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழும்புவது நல்லது. கெட்ட நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். ஆனால் ஆரம்பத்திலிருந்தே சீனியைக் கட்டுக்குள் வைத்தால் சேதத்தைத் தள்ளிப்போடலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிவதையும் தவிர்க்கலாம்.