வழித்தாலும் வளரும் பச்சைப் படலம்!

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பசேல் என்று நீர்ச் செடிகள். நடுவே வண்ண மீன்கள் துள்ளுகின்றன. பார்க்கக் கண் கோடி வேண்டும்!

ஒரு நாள் மணல்மீது கரும்பச்சையாக ஏதோ தெரிகிறது. தொட்டால் வழவழப்பு. இழுத்தால் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாக வருகிறது. நாற்றமோ சேற்று நாற்றம். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து வழித்து எடுக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், போனது அப்படியே திரும்பி வந்திருக்கிறது!

பாசி அல்லாத பாசி

இதன் பெயர் நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி. உண்மையில் இது ஒரு வகை பாக்டீரியா. ஆனாலும் செடியைப்போல் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பிராண வாயுவை வெளிவிடுகிறது. 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியில் குடியேறிய ஜீவன் இது. காற்றில் பிராண வாயு சேரத் தொடங்கியதே இதன் கைங்கரியம்தான்!

இதில் சில வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். நெல் வயலில் இது நடப்பதை பி. கே. டே என்ற இந்திய விஞ்ஞானி 1939-ல் எடுத்துக் காட்டினார். மீன் உணவாகக் கடையில் விற்கும் ஸ்பைருலினாகூட இந்தக் குடும்பம்தான். காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் போடுகிறோம்!

ஆனால் தொட்டிச் செடிகளுக்கு இது எமன். இலைமேல் போர்வைபோல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். செடி அழுகும். நத்தைகள்கூடப் பெரும்பாலும் இதைத் தின்பதில்லை.

ஏன் திரும்புகிறது?

மீன் தின்றது போக மிஞ்சிய தீனி மணலில் மட்கிக் கிடக்கும். தண்ணீர் ஓட்டமில்லாத மூலையில் அழுக்கு தங்கும். ஜன்னல் வெயில் படும். விளக்கு நடுநிசி வரை எரியும். இவை இருக்கும்வரை வழித்துப் பயனில்லை.

இன்னொன்று கேட்டால் வியப்பாக இருக்கும். பாசிக்குப் பயந்து செடி உரத்தை அடியோடு நிறுத்துகிறார்கள் சிலர். செடி பட்டினியால் சோர்ந்துவிடும். இதுவோ சோர்வதில்லை, செடி விட்ட இடத்தையும் பிடித்துக்கொள்ளும்!

இருட்டு வைத்தியம்

முதலில் ரப்பர் குழாய் போட்டுப் படலத்தை உறிஞ்சி வெளியேற்றுங்கள். குழாயை வாயால் உறிஞ்சவே கூடாது. இதில் விஷமுள்ள வகைகளும் உண்டு. குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியைப் பெருவிரலால் அடைத்துக் கீழே இறக்கினால் போதும்.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். விளக்கை அணையுங்கள். கறுப்புத் துணியோ கனத்த கம்பளியோ கொண்டு தொட்டியை நன்றாக மூடிவிடுங்கள். 3 அல்லது 4 நாள் பொறுத்திருக்க வேண்டும். குழந்தைகள் எட்டிப் பார்க்கத் துடிப்பார்கள், இடம் கொடுக்காதீர்கள்! வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் தீனி இல்லாமல் இந்த நாட்களைத் தாங்கும். செடியும் தாங்கும்.

காற்று பம்ப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். செத்த படலம் மட்கும்போது தண்ணீரிலுள்ள பிராண வாயு குறையும். பம்ப் நின்றால் பாசியோடு மீனும் போய்விடும்.

மூடியதைத் திறந்ததும் செத்ததை எடுத்துவிட்டு, மறுபடி தண்ணீர் மாற்றுங்கள். பிறகு விளக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவு போடுங்கள்.

மாத்திரை வேண்டாம்

எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் இது சாகும் என்பது உண்மை. ஆனால் மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் அதோடு கெடலாம். அப்போது அம்மோனியா பெருகி மீன்கள் மிதக்கும். மேலும் அது மனிதர் நோய்க்கான மருந்து. கண்டபடி கொட்டினால், மருந்துக்குப் பணியாத கிருமிகள் வளரும்.

முன்பக்கக் கண்ணாடியில் மணல் தெரியும் இடத்தையும் பாருங்கள். அங்கே வெளிச்சம் பட்டு, கண்ணாடிக்கும் மணலுக்கும் நடுவே இது ஒளிந்து வளரும். மணல் உயரத்துக்கு வெளிப்புறம் கறுப்புக் காகிதம் ஒட்டிவிடலாம். பெரிய செலவு ஆகாது.